தாங்குபவரைத் தாங்குவது யார்?

சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். ஓய்வு பெற்றபோது அவரோடு வீட்டுக்கு வந்தது சிலிக்கோசிஸ். பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசு நுரையீரலில் படிந்து, தழும்பாகி, மூச்சைச் சுருக்கும் நோய் அது. இந்தியாவில் முதன்முதலாக 1947இல் கோலார் தங்கவயலில்தான் இந்நோய் பதிவானது என்று மருத்துவப் பாடநூல்கள் கூறும். அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இன்றும் இல்லை. நோயாளியைப் பற்றி எழுதியவர் பலர். அவர் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களைப் பற்றிச் சில சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போல நானும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் போய், இரவில் திரும்பினேன். பகலில் அப்பாவை அம்மா பார்த்துக்கொண்டார். இரவில் நாங்கள் இருவரும் விழித்திருப்போம். படுத்தால் மூச்சு முட்டும். அப்பா உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். ஒருநாள் நடு இரவில் இருமல் நிற்கவேயில்லை. "கொஞ்ச நேரம் சும்மா இருப்பா!" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

நான் கெட்ட மகன் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். அது களைப்பின் அறிகுறி என்பது பின்னரே புரிந்தது. தூக்கம் தொடர்ந்து கெட்டால், 'எப்போ என்ன ஆகுமோ' என்ற பதைப்பிலேயே உடல் நின்றுவிடும். எரிச்சல், மறதி, பசியின்மை, குற்ற உணர்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நோயுற்ற துணையைக் கவனித்து அதனால் மனச்சுமைக்கு ஆளான முதியவர்கள், அப்பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு கூடுதல் என்று 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. மனநோயாளிகளுக்காக டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனம், குடும்பத்தாரின் சுமையை அளக்கவே தனி வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கியது.

எனக்கு வழி காட்டியவர் அப்பாவோடு வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெரியவர். "தம்பி, ரெஸ்க்யூவுக்கு எறங்கறவன் தன் ஆக்சிஜன் எவ்ளோ இருக்குதுன்னு பாத்துக்கினே போவணும். திரும்பி வர்றதுக்கு வேணுமே! அவனும் வுழுந்துட்டா அவனைத் தூக்க இன்னும் ரெண்டு பேர் வேணும்" என்றார். வாரத்தில் இரண்டு இரவு அவரே வந்து உட்கார்ந்தார்.

அன்று நான் கற்றதை அன்பர்களுக்குச் சொல்கிறேன். முதலில், முறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் பார்க்கச் சுரங்கத்தில்கூட விடமாட்டார்கள். வீட்டில் மட்டும் விடலாமா? உதவ வருபவரிடம் "ஒண்ணும் வேணாங்க" என்னாமல், "ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் பாத்துக்குங்க" என்று வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் உடம்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள். என் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருந்ததே அவர் குழாயடியில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மனபாரத்தை யாரிடமாவது பேசுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்னும் இலவச அரசுச் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

இரண்டு இரவு நன்றாகத் தூங்கி எழுந்தபின் அப்பாவின் இருமல் குறையவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர் யாரோ, அவரிடம் இன்று ஒரு வார்த்தை கேளுங்கள்: "நீ தூங்கினியாம்மா?"