காட்டுப் பூவை அறிவோம்

மேகதாது போயிருக்கிறீர்களா? கன்னடத்தில் 'மேகே' என்றால் ஆடு. 'தாட்டு' என்றால் தாண்டுதல். ஆடு தாண்டும் அளவுக்குக் குறுகிய பாறை இடுக்கில் காவிரி பாய்கிறது. பெங்களூர் விவேக் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

அந்தக் காட்டுப் பகுதியில் பல பூக்கள் உண்டு. பூவை அறிய நிறம் மட்டும் போதாது. இதழ்களை எண்ணுங்கள். இலையையும் பாருங்கள்.

ஆவாரம்பூ மஞ்சள் நிறம். 5 இதழ்கள். காய் தட்டையாக இருக்கும்.

தும்பைப்பூ சிறியது, வெள்ளை நிறம். செடியும் சிறியது.

செங்காந்தள் மழைக்காலத்தில் பூக்கும். 6 இதழ்கள். அவை மேல்நோக்கி வளைந்திருக்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. இலையின் நுனி சுருண்டிருக்கும். அந்த நுனியால் புதரைப் பற்றிக்கொண்டு கொடி ஏறும். இதுதான் தமிழ்நாட்டின் மாநில மலர்.

எச்சரிக்கை! செங்காந்தள் கிழங்கு கொடிய விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. யாராவது தின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தெரியாத கிழங்கைத் தின்னாதீர்கள். இது வனவிலங்கு சரணாலயம். பூவைப் பறிக்காதீர்கள். பார்த்து, பெயரைச் சொல்லி, பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.