புளி போட்டுத் துலக்காதீர்கள்

உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தட்டு. நடுவில் ஆப்பு வடிவத் துளை. பக்கத்தில் ஒன்றிரண்டு சிறு துளைகள். வாளையாரிலோ குமுளியிலோ பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறினால் சில ரூபாய்தான் தேறும். விவரம் தெரிந்தவருக்கோ அது 'ட்சுபா': ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே பொருத்தும் காப்புத் தட்டு.

கேரள எல்லைக்கும் ஜப்பானிய வாளுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டாம் உலகப் போர். பாலக்காட்டுத் தரூரில் பிறந்த கே.பி. கேசவ மேனனும், ஆனக்கரை வடக்கத்துக் குடும்பத்துக் கேப்டன் லட்சுமியும் ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூரைக் கண்டவர்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது அதிகாரிகளின் வாள்கள் கைமாறின. வாங்கிய தரப்பில் இந்தியப் படையினரும் இருந்தார்கள்.

ஆனால் போர்க்கால வாள் எல்லாம் புராதனம் அல்ல. 1934 மாதிரி ராணுவ வாளின் காப்பில் செர்ரிப் பூ வேலைப்பாடு இருக்கும். அது மொத்தமாகச் செய்யப்பட்டது. சில அதிகாரிகள் மட்டும் பரம்பரை அலகையே ராணுவ உறைக்குள் போட்டு எடுத்துவந்தார்கள்.

பழைய தட்டை எப்படி அடையாளம் காண்பது? அலங்காரத்தை விட நடுத்துளையே அதிகம் பேசும். அலகு இறுக்கமாக உட்கார ஓரத்தில் உளியால் தட்டிய தடமோ, செம்புத் துண்டோ இருந்தால் அது நிஜ வாளில் பூட்டப்பட்டிருக்கலாம். துளையின் உட்சுவரில் வார்ப்புத் தடம் தெரிந்தால் நகல் என்று சந்தேகிக்க வேண்டும். துளையருகே வெட்டிய கையெழுத்தை மட்டும் நம்பக் கூடாது: பேர்போன கொல்லர்களின் பெயரில் போலிகள் ஏராளம்.

மதிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நம் சுத்தம்தான். புளி போட்டுத் துலக்கினால் குத்துவிளக்கு பளபளக்கும், ட்சுபா செத்துப்போகும். இரும்பின் கரும்பழுப்பு மெருகும், செம்பில் சிறிது தங்கம் கலந்த 'ஷகுடோ'வின் கருமையும் அழுக்கல்ல. கொல்லன் வேண்டுமென்றே ஏற்றிய நிறம்.

1876இல் ஜப்பானிய அரசு பொது இடத்தில் வாள் அணியத் தடை விதித்தது. வேலை இழந்த காப்புத் தட்டுகள் கலைப்பொருளாகி மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போயின. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் சாமுராய் வாள்கள் உண்டு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருள் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்ய முடியாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. 1945இல் புத்தம் புதிதாக இருந்த வாளுக்கு அந்தத் தகுதி வர இன்னும் காலம் இருக்கிறது. அதே வாளில் பூட்டிய பழைய தட்டுக்கு எப்போதோ வந்திருக்கும்.

ஆகவே தராசில் போடுமுன் துளையைப் பாருங்கள். புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.