மிக்ஸியைத் தொடாதீர்கள், திராட்சை ஜூஸ் குடிக்கலாம்

எங்கள் ஊர் கம்பம் பக்கம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாகப் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்தான். காய்ப்பது கறுப்புப் பன்னீர் திராட்சை. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே வருஷம் முழுக்கக் காய் வெட்டுவார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இவ்வளவு பெருமை பேசுகிற நான், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த முதல் கோடையில் இந்தப் பழத்தைக் கெடுத்தேன். வாங்கிய பழத்தைக் காம்பு கிள்ளி, சர்க்கரையோடு மிக்ஸியில் போட்டு ஓடவிட்டேன். நிறம் அழகாகத்தான் இருந்தது. ஒரு வாய் குடித்த வீட்டுக்காரர், “என்ன இது, கஷாயமா?” என்றார். நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. ஊருக்கு போன் போட்டால் அப்பத்தா சிரிக்கிறாள்: “ஏத்தா, கொட்டையையும் சேத்து அரைச்சா துவர்க்காம இனிக்கவா செய்யும்?”

பன்னீர் திராட்சையில் கொட்டை உண்டு. துவர்ப்பில் பெரும்பங்கு கொட்டையில் இருக்கிறது. நிறமும் வாசனையும் தோலில் இருக்கின்றன. கொட்டை உடையாமல் தோலில் இருப்பதை மட்டும் இறக்க வேண்டும். அப்பத்தா அதற்கு மிக்ஸியைத் தொடமாட்டாள், அடுப்பைத்தான் மூட்டுவாள்.

அரைக் கிலோ பழத்தை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பாத்திரத்தில் பழம், ஒரு டம்ளர் தண்ணீர், தீ சின்னதாக. ஐந்தாறு நிமிஷத்தில் தோல் வெடிக்க ஆரம்பிக்கும். பத்து நிமிஷத்துக்குள் பழம் வெளுத்து, தண்ணீர் கறுத்துவிடும். இறக்கி, சூட்டோடு ஆறேழு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்குங்கள். உப்பை விடாதீர்கள், இனிப்பை எடுத்துக்கொடுப்பதே அதுதான். ஆறியதும் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் லேசாக அழுத்தினால் போதும். சாறு வந்தவரை லாபம். போட்டு நசுக்கினால் மறுபடியும் கஷாயம்தான்.

இனி எலுமிச்சை. அரை மூடியைப் பிழிந்ததும் ஊதாவாக இருந்த சாறு கண்ணெதிரே பளீரென்று சிவக்கும். தோலின் நிறத்துக்குப் புளிப்பு பட்டால் அப்படித்தான். என் பெண் சின்னவளாக இருந்தபோது இதைப் பார்க்கவென்றே அடுப்படிக்கு ஓடி வருவாள். ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு பானைத் தண்ணீர், ஊறவைத்த சப்ஜா விதை ஒரு ஸ்பூன். மிச்சச் சாறு ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

அழுத்திப் பிழிந்தால் கெடும் என்பது எலுமிச்சைக்கும் பொருந்தும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே வெட்டாமல், குளிர் விட்டதும் உள்ளங்கையால் தரையில் உருட்டிவிட்டு வெட்டுங்கள், சாறு நன்றாக இறங்கும். கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பும் கூடவே வந்துவிடும். சாத்துக்குடிச் சாறு இன்னும் மோசம். பிழிந்தபோது இனிக்கும், ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், கசக்கும். பிழிந்த கையோடு குடித்துவிட வேண்டும். தர்பூசணிக்குக் கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். அதை வெட்டித் தின்பதே மேல் என்பது என் கட்சி.

சென்னை, மதுரைக் கடைகளிலும் பன்னீர் திராட்சை கிடைக்கிறது. காம்பு பச்சையாக, பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிற கொத்தாகப் பார்த்து வாங்குங்கள்.