ஓதம் ஏறினால் காடு எழும்

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு சந்தனவர்த்தினியாக இறங்கிக் குடகனாற்றில் கலக்கிறது. அங்கிருந்து அமராவதி, பிறகு காவிரி. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் அந்தக் காவிரித் தண்ணீரை முத்துப்பேட்டைக் காயலில் கொண்டு சேர்க்கின்றன. திண்டுக்கல்லுக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் நம் மலைத் தண்ணீர் போகும் வழியின் முடிவில் தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு நிற்கிறது.

அந்தக் காடு ஒருகாலத்தில் செத்துக்கொண்டிருந்தது. வெள்ளையர் காலத்திலிருந்தே காட்டைக் கூறுகளாகப் பிரித்து, முறை வைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் திரும்பத் தழைக்கும் என்பது கணக்கு. தழைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்தது. மண் இறுகித் தாழ்ந்து, தரை தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் மிஞ்சியது. உப்பைத் தாங்கும் அலையாத்தியின் நாற்றுகூடப் பிழைக்க முடியாத அளவுக்கு மண் உவர்த்துப்போனது. விறகு வெட்டும் மக்கள்மேலும் ஆடுமாடுகள்மேலும் பழி விழுந்தது. அது பெரிய அநியாயம்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்த வேலை எளிமையானது. கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள்: மீன்முள் வடிவம். ஏற்றத்தில் புது நீர் உள்ளே வந்து, வற்றத்தில் தேங்கிய உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. வாய்க்கால் கரையின் சரிவில், ஓதநீர் வந்து நனைக்கும் மட்டம் பார்த்து நாற்று நட்டார்கள். கிராமத்தாரும் சேர்ந்து வெட்டி, நட்டு, காவல் காத்தார்கள். வறண்ட உவர்த்தரையில் காடு எழுந்தது. பத்தாயிரம் கன்று நட்டோம் என்று பலகை வைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டை முறித்துப் போட்டது. புயலில்லாத ஆண்டுகளிலும் வாய்க்கால்கள் சில ஆண்டுகளிலேயே தூர்ந்துவிடும். தூர்வாராவிட்டால் மறுபடி தேக்கம், மறுபடி உப்பு. இன்னொரு பக்கம், மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் மழைக்காலத்தோடு சுருங்கிவிட்டது. கழிமுகத்துக்குக் கடல்நீரும் ஆற்றுநீரும் இரண்டுமே வேண்டும்.

ஆகவே வனத்துறை வாய்க்கால் தூர்வார ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும். அந்த ஆற்றுநீரில் நம் மலைத் தண்ணீரும் இருப்பதால், திண்டுக்கல்காரர்களான நாம் குடகனாற்றில் ஆக்கிரமிப்பையும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவையும் இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.