பன்னிரண்டங்குலக் கோலும் பகற்பொழுதும்

மட்டக்களப்பிலே ஆனி மாதத்துப் பகல் நீண்டது, மார்கழி மாதத்துப் பகல் குறுகியது என்பதை யாவரும் அறிவர். எவ்வளவு என்று வினவின், பஞ்சாங்கத்தைப் புரட்டுவோரே பலர். அவ்வளவு எங்ஙனம் பெறப்பட்டது என்பதைத் திரிகோண கணிதங் கற்கும் மாணவர் தாமே செய்து காணலாம்.

சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே நிற்கும் சமவிரா நாளில் அரைப்பகல் ஆறு மணி நேரம். ஏனைய நாள்களில் அதனோடு கூடுவதோ குறைவதோ ‘சரம்’ எனப்படும். ஓரிடத்து அகலக்கோட்டின் தாஞ்சனைச் சூரியனது விலகற்கோணத்தின் தாஞ்சனாற் பெருக்கினால் சரத்தின் சைன் கிடைக்கும். மட்டக்களப்பின் அகலக்கோடு வடக்கு 7 பாகை 43 கலை, தாஞ்சன் 0.1355. யூன் 21ஆந் திகதியளவில் விலகல் 23 பாகை 26 கலை, தாஞ்சன் 0.4334. பெருக்கம் 0.0587, சரம் 3 பாகை 22 கலை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடமாதலின் இஃது ஏறக்குறைய 13½ நிமிடமாம். ஆகவே முழுப்பகல் 12 மணி 27 நிமிடம். மார்கழியில் அவ்வளவே குறைந்து 11 மணி 33 நிமிடம்.

பஞ்சாங்கக் கணிதரோ தாஞ்சன் வாய்பாடின்றியே இதனைப் பெற்றனர். ‘சங்கு’ எனப்படும் 12 அங்குலக் கோலைச் சமதரையில் நிறுத்திச் சமவிரா நாளின் உச்சிப்பொழுதில் நிழலை அளப்பர். அந்நிழல், அகலக்கோட்டுத் தாஞ்சனின் பன்னிரு மடங்கேயன்றி வேறன்று. மட்டக்களப்பில் அது 1⅝ அங்குலம். அதனை 10, 8, 3⅓ என்பவற்றாற் பெருக்கிக் கூட்டினால் மிகப்பெரிய சரம் விநாழிகையில் வரும்: 34⅔. திரிகோண கணிதம் தருவது 33⅔. வேறுபாடு ஒரு விநாழிகை, அதாவது 24 செக்கன். சிறு கோணங்களிற் சைனும் கோணமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வளர்வதால் வெறும் பெருக்கலே போதுமாயிற்று. எஞ்சிய வேறுபாடு, சூரிய சித்தாந்தம் முதலிய நூல்கள் பெருவிலகலை 24 பாகையெனக் கொண்டமையாற் பெரிதும் நேர்ந்தது. இவ்விதியை மூடவழக்கென இகழ்வோர் தாம் வகுப்பிற் கற்பிக்குங் கணிதத்தையே இகழ்கின்றனர்.

நிழல் இடத்துக்கிடம் மாறும். யாழ்ப்பாணத்தில் அது இரண்டு அங்குலத்திற்குச் சற்று மேல். ஆனிப்பகலும் அங்கே ஏழு நிமிடம் நீண்டது. அவ்விடத்திற்குக் கணித்த பகலளவை ஈண்டு அப்படியே கொள்ளுதல் பிழையாம்.

கல்லடிக் கடற்கரையிற் கடிகாரத்துடன் நிற்பவர், கணித்த உதயத்திற்கு மூன்றரை நிமிடம் முன்னரே கதிர் எழக் காண்பர். கணக்குச் சூரியனின் மையத்தைக் கொள்கிறது. கண்ணோ மேல் விளிம்பைக் காண்கிறது. வளிமண்டலமும் ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது. அத்தமனத்தை வாவிக்கரையில் அளத்தல் அரிது; அக்கரை மரங்கள் முந்திக்கொண்டு மறைத்துவிடும்.

கோல் நாட்டி அளக்க விரும்புவோர் மார்ச் 20ஆந் திகதியளவிற் செய்க. அன்று இவ்வூரின் உச்சிப்பொழுது கடிகாரத்திற் பன்னிரண்டன்று. ஏறக்குறைய 12 மணி 11 நிமிடம்.