ஊர்க்காவல் படைப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டுமா?



மயிலம் பக்கத்தில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவர் இருபதாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். என்ன காரணம்னு கேட்டோம். “என் மகளை ஊர்க்காவல் படையில் சேர்க்கணும். பயிற்சிக்குப் பணம் கட்டணும்னு ஒருத்தர் சொல்றார்” என்றார். குழு அன்று கடன் கொடுக்கவில்லை. விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானம் எழுதியது. நல்ல தீர்மானம். விசாரித்ததை இங்கே எழுதுகிறோம்.

ஊர்க்காவல் படை என்றால் என்ன?

உள்ளூர் மக்களே போலீசுக்குத் துணையாக நிற்கும் தொண்டர் படை இது. 1946-ல் பம்பாயில் தொடங்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகு நாடு முழுவதும் சீரமைக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1963-ல் இதற்குச் சட்டம் வந்தது. மயிலம் முருகன் கோயில் பங்குனி உத்திரம் போன்ற திருவிழாக் கூட்டம், தேர்தல், வெள்ளம், புயல் நேரங்களில் காக்கி உடுப்போடு நிற்பவர்களில் இவர்களும் உண்டு. மீனவ இளைஞர்களைக் கொண்ட கடலோர ஊர்க்காவல் படையும் இருக்கிறது. ஊரையும் கடலையும் அறிந்தவர்களுக்குத்தானே அங்கே நடப்பது முதலில் தெரியும்?

பயிற்சிச் செலவு யாருடையது?

அரசாங்கத்தினுடையது. படையைத் திரட்டவும் பயிற்சி கொடுக்கவும் மாநில அரசு செலவு செய்கிறது. அதில் 25 சதவீதத்தை மத்திய அரசு திருப்பித் தருகிறது. 45 நாள் பயிற்சி. கவாத்து, முதலுதவி, தீயணைப்பு, போக்குவரத்தைச் சீர்செய்வது, கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் கற்றுத் தருவார்கள். இதற்கு நாம் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

இது மாதச் சம்பள வேலையா?

இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளணும். பணிக்கு அழைக்கும் நாட்களுக்கு மட்டும் படி கிடைக்கும். குடும்பம் நடத்த இதை மட்டும் நம்ப முடியாது. ஆடு மாடு, தையல் என்று வேறு தொழில் பார்த்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

நிரந்தரப் போலீஸ் வேலை வேறு. அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வும் உடல்தகுதித் தேர்வும் நடத்துகிறது. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பெண்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஆதரவற்ற விதவைகளுக்கும் தனி ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. தேர்வானவர்களுக்கு அரசு செலவிலேயே பயிற்சி.

எங்கே கேட்பது?

ஆள் எடுக்கும்போது மாவட்டக் காவல்துறை அறிவிப்பு கொடுக்கும். வயது, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். விழுப்புரம் எஸ்.பி. அலுவலகத்திலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ நேரில் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? ஊக்குநரோடு இரண்டு பேர் சேர்ந்து போங்கள். படிப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல்களைத் தயாராக வைத்திருங்கள்.

ஒரு பெண் புகார் கொடுக்கப் போகும்போது அங்கே நம்ம ஊர் முகம் ஒன்று இருந்தால் பாதி பயம் போய்விடும். அதனால் நம் பெண்கள் சேரணும். ஆனால் நேர்வழியில் சேரணும். “பணம் கொடு, இடம் வாங்கித் தரேன்” என்று யார் வந்தாலும், நாம் வாராவாரம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர் கைக்குப் போகக்கூடாது.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். தீர்மான நோட்டில் எழுதுங்கள்.