பெயரில் எக்ஸெல், உள்ளே வேறு: டவுன்லோடு செய்த கோப்பைத் திறக்கும் முன்

வங்கி இணையதளத்தில் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல் கோப்பாக டவுன்லோடு செய்கிறீர்கள். திறக்கும்போது, கோப்பின் வடிவமும் அதன் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை, கோப்பு பழுதானதாகவோ பாதுகாப்பற்றதாகவோ இருக்கலாம் என்று எக்ஸெல் எச்சரிக்கிறது. வீட்டுக் கடனுக்கோ வருமான வரிக் கணக்குக்கோ அவசரமாகத் தேவைப்படும் நேரம் அது. சிலர் படிக்காமலேயே ‘எஸ்’ அழுத்துகிறார்கள். சிலர் எக்ஸ்டென்ஷனை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். இன்னும் சிலர், தேடியதும் கண்ணில் பட்ட ஏதோ ஒரு இலவச கன்வர்ட்டர் தளத்தில் கோப்பை ஏற்றிவிடுகிறார்கள். மூன்றாவது வழி எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உங்கள் சம்பளம், கணக்கு எண், யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் முகம் தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போய்விடுகிறது. போனதைத் திரும்பப் பெற வழியில்லை.

இந்தக் கோளாறு பெரும்பாலும் உங்கள் கணினியில் இல்லை. கோப்பை அனுப்பும் சர்வர், அது என்ன வகை, என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. பிரவுசர் பொதுவாக அந்தக் குறிப்பை நம்பியே பெயர் வைக்கிறது. பல தளங்கள் உண்மையான எக்ஸெல் கோப்பை உருவாக்குவதே இல்லை. வலைப்பக்கத்துக்கான எச்டிஎம்எல் அட்டவணை ஒன்றுக்கு ‘எக்ஸ்எல்எஸ்’ என்று பெயரிட்டு அனுப்பிவிடுகின்றன. லாகின் நேரம் முடிந்த பிறகு பட்டனை அழுத்தினால், லாகின் பக்கமே ஸ்டேட்மென்ட் என்ற பெயரில் இறங்குவதும் உண்டு.

ஆகவே முதல் வேலை, எக்ஸ்டென்ஷனைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது. விண்டோஸ் அதை இயல்பாக மறைத்தே வைக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மோசடிக்காரர்கள் இந்த மறைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ‘ஸ்டேட்மென்ட்.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்று தெரியும் கோப்பின் முழுப் பெயர் ‘இஎக்ஸ்இ’ என்று முடிந்தால், அது கணக்கு விவரம் அல்ல, உங்கள் கணினியில் ஓடக் காத்திருக்கும் நிரல். உடனே அழித்துவிடுங்கள். ‘எக்ஸ்எல்எஸ்எம்’ என்று முடிந்தால் உள்ளே மேக்ரோ, அதாவது கோப்போடு சேர்ந்து வரும் சிறு நிரல், இருக்கலாம். கணக்கு விவரம் பார்க்க மேக்ரோ தேவையே இல்லை. ‘எனேபிள் கன்டென்ட்’ பட்டனைத் தொடாதீர்கள்.

அடுத்து, கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ‘பி’, ‘கே’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கிப் பின்னால் புரியாத குறிகளாக இருந்தால், அது ஜிப் வகைப் பொதி. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஜிப் பொதிதான். அதனால் எக்ஸெல் என்று வர வேண்டியது சில நேரம் ‘ஜிப்’ என்ற பெயரில் இறங்கிவிடுகிறது. அப்போது பெயரைத் திருத்தினாலே போதும். எச்டிஎம்எல் என்று தெரிந்தால் பெயரை மாற்றிப் பயனில்லை. அது லாகின் பக்கமா என்று பாருங்கள். ஆம் என்றால், மீண்டும் லாகின் செய்து புதிதாக இறக்குங்கள். அட்டவணைதான் என்றால், உங்கள் வங்கித் தளத்திலிருந்தே நீங்களே இறக்கியது என்பது உறுதியான பிறகு, எக்ஸெலிலோ இலவசமான லிப்ரெஆஃபிஸ் கால்க்கிலோ திறந்து, ‘சேவ் ஆஸ்’ மூலம் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமியுங்கள்.

காற்புள்ளிகளால் பிரிந்த வெறும் எழுத்துகள் தெரிந்தால் அது சிஎஸ்வி. இதில்தான் சத்தமில்லாமல் இழப்பு நேர்கிறது. இருமுறை கிளிக் செய்து எக்ஸெலில் திறந்தால், கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் மறைந்துவிடும். எக்ஸெல் 15 இலக்கம் வரை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்க கார்டு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாகச் சிதறும். அப்படியே சேமித்துவிட்டால் அந்த இலக்கங்கள் திரும்ப வராது. எக்ஸெலின் ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் திறந்து, ‘65001 யூனிகோட் யுடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுத்து, எண்கள் உள்ள நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிய பிறகே ஏற்றுங்கள். மூலக் கோப்பின் நகலைத் தொடாமல் தனியே வையுங்கள்.

தவறான கோப்பு வகை எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்கிலாந்து 2020-இல் பார்த்தது. ஆய்வகங்களிலிருந்து சிஎஸ்வியாக வந்த கொரோனா முடிவுகளை, பொதுச் சுகாதாரத் துறையின் அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் நிரப்பிக்கொண்டிருந்தது. அந்த வடிவில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரிசைகள் உண்டு. பழைய வடிவின் எல்லையைத் தாண்டியவை பதிவாகாததால், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தள்ளிப்போனது. அந்த நாட்களில் தொற்று எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

சந்தேகக் கோப்பைத் திறந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வங்கித் தளம் தொடர்ந்து பழுதான கோப்பையே தந்தால் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அரசுத் தரவு என்றால் உங்கள் கை இன்னும் வலுவானது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 2(ஜெ) பிரிவு, கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவில் பெறும் உரிமையைத் தருகிறது. கேட்ட வடிவிலேயே சாதாரணமாகத் தர வேண்டும் என்கிறது 7(9) பிரிவு. அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறித் திருப்ப நேரிடும் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். எனவே மனுவிலேயே, ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம், சிஎஸ்வி அல்லது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகத் தாருங்கள் என்று தெளிவாக எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.